தெருவுக்கு முதுகு காட்டிய வீடு

துபாஷியின் வீடு தெருவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். துபாஷி அப்போது பல் தேய்த்துக்கொண்டிருந்தார், அவர் மனைவி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். பெரிய ஆட்டமெல்லாம் இல்லை. அலமாரியில் இரண்டு தட்டு கிணுகிணுத்தது, உத்திரத்திலிருந்து கொஞ்சம் தூசி கொட்டியது, அவ்வளவுதான். வாய் கொப்பளிக்க வாசற்கதவைத் திறந்தவருக்கு எதிரே தெருவைக் காணோம். பின்பக்கத்துச் சந்தும், அதில் ஓடும் சாக்கடையும், அடுத்த வரிசை வீடுகளின் பாசி பிடித்த கொல்லைச் சுவர்களும்தான் இருந்தன. வாயிலிருந்த தண்ணீரைத் துப்பத் தோன்றாமல் விழுங்கிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார்.

அந்தத் தீவில் வீடு திரும்புவது ஒன்றும் புதிதில்லை. முகத்தில் முழிக்க முடியாத காரியத்தை ஒருவர் செய்துவிட்டால் அவர் வீடு திரும்பிக்கொள்ளும். உளுத்த கயிற்றை நல்ல கயிறு என்று விற்றவன் வீடு திரும்பியிருக்கிறது. செத்துப்போன அண்ணனின் படகைத் தன்னுடையது என்றவன் வீடு, படகைக் கரையேற்றுவதற்குள் திரும்பிவிட்டது. இதற்கு மருந்தும் எல்லாருக்கும் தெரியும். செய்தவர் நடுத்தெருவில் நின்று, செய்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மறுநாள் விடியும்போது வீடு பழையபடி தெருவைப் பார்க்கும். ஆனால் அவராகத்தான் சொல்ல வேண்டும். திரும்பிய வீட்டைக் காட்டி 'ஏன்' என்று கேட்பது, குளிக்கிறவர் கதவைத் தள்ளிப் பார்ப்பதைவிடக் கேவலம். அதனால் பால்காரி ஒரு வார்த்தை பேசாமல் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து, சாக்கடையைத் தாண்டி நின்று, பாலை ஊற்றிவிட்டுப் போனாள்.

இந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது என்றால், மண்ணிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் அது தீவே இல்லை, பெருநிலத்தின் ஓரம். ஒரு பஞ்சத்தில் பக்கத்து ஊர்க்காரர்கள் கையில் பிள்ளையோடு வந்து கதவைத் தட்டியபோது, அங்கிருந்தவர்கள் அடுப்பில் கொதிப்பதை மூடி வைத்துவிட்டு, 'ஒண்ணும் இல்லீங்களே' என்றார்கள். ஆளுக்கு வெட்கம் வரவில்லை, மண்ணுக்கு வந்துவிட்டது. கரையைப் பிய்த்துக்கொண்டு கடலுக்குள் நீந்திப் போய், பெருநிலம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நின்றது. அதன் பிறகு அங்குள்ளவர்களுக்கு இரண்டு வேலை நிரந்தரமாயிற்று. ஒன்று, மரப்பட்டை நாரைத் திரித்துக் கயிறு செய்து, தீவு மறுபடி கூச்சப்பட்டு எங்காவது போய்விடாமல் கிழக்குப் பாறைகளில் கட்டி வைப்பது. இன்னொன்று, வாசலுக்கு வருகிறவர் யாரானாலும், 'வாங்க, எல்லாம் உங்களுதுதான்' என்று சொல்வது. வந்தவர், 'வேணாங்க, நீங்களே வச்சுக்கோங்க' என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் பாய் விரிப்பார்கள். பாலூட்டும்போதே பிள்ளைக்குச் சொல்லித்தரும் பேச்சு இது. உலகத்தில் எல்லாருக்கும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தார்கள்.

துபாஷி சின்ன வயதில் கப்பலேறிப் போய், சமையல்கட்டில் பாத்திரம் கழுவி, அந்நிய பாஷையைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியவர். இரண்டு பாஷை பேசுகிறவர் என்பதால் துபாஷி. வந்ததிலிருந்து ஒரே பெருமைதான். "அவங்க மரியாதைன்னா மரியாதை. கத்தியை உருவினாக்கூட, மன்னிக்கணும்னு சொல்லிட்டுத்தான் உருவுவாங்க" என்பார். கேட்டுக் கேட்டு ஊரே ஒருநாள் அவர்களைப் பார்க்க ஆசைப்பட்டது. அப்படி இருக்கையில்தான், அந்தச் செவ்வாய்க்கு முந்தின நாள், மூன்று பாய்மரம் கொண்ட அவர்களுடைய கப்பல் ஒன்று வந்து நின்றது. தீவுக்குப் பெரியவள் ஒருத்தி உண்டு. பாறையில் கயிற்றைக் கட்டும் முடிச்சு அவள் கையால்தான் விழ வேண்டும். எல்லாருக்கும் அவள் பெரியம்மா. அவள் கரைக்கு வந்து கப்பல் கேப்டனைக் கும்பிட்டு, "வாங்க, எல்லாம் உங்களுதுதான்" என்றாள். துபாஷி அதை ஒரு எழுத்துப் பிசகாமல் அவர் பாஷையில் சொன்னார். கேப்டன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்து, தன் பாஷையில், ரொம்ப நன்றி, எடுத்துக்கொள்கிறோம் என்றார்.

துபாஷிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. ஊரே சுற்றி நிற்கிறது. தான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய ஆள், மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த பதிலைத் தெரியாமல், கொடுத்ததை வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறான். இதை உள்ளபடி சொன்னால் தன் மானம் கப்பலேறிவிடும். வந்தவனுக்காக வெட்கப்பட்டாரா, தனக்காக வெட்கப்பட்டாரா என்று அவருக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. வாய் தானாகப் பேசிவிட்டது. "வேணாங்கறாருங்க பெரியம்மா. நீங்களே வச்சுக்கச் சொல்றாரு."

பெரியம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாரேன், கடல்ல அலையற பிள்ளைக்கு எவ்வளவு நல்ல வளர்ப்பு!" என்று பாய் விரிக்கச் சொன்னாள். இரண்டு தரப்பும் வயிறாரச் சாப்பிட்டு, சந்தோஷமாகப் படுக்கப் போனார்கள். மறுநாள் காலையில்தான் அலமாரியில் தட்டு கிணுகிணுத்தது.

அன்றைக்கே தெருவில் நின்று சொல்லியிருந்தால் கப்பலை வந்த வழியே அனுப்பியிருக்கலாம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள், எப்படியும் போய்விடுவார்கள்தானே. அவர்கள் போகவில்லை. இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்கிற ரகம், அதையும் கேட்காமல் எடுத்துக்கொள்கிற ரகம். முதலில் கொடிக்கம்பம் வந்தது, பிறகு சுங்கச்சாவடி, பிறகு தெரு முனையில் வெளியூர்க் கல்லில் கவர்னர் பங்களா. பட்டை மரங்களெல்லாம் கம்பெனி மரம் என்றார்கள். கயிற்றுக் கொட்டகைக் கதவில் கம்பெனிப் பூட்டு தொங்கியது. தங்கள் கப்பல்களுக்குக் கயிறு திரிக்க, அதுவரை தீவுக்குத் திரித்த பெண்களையே கூலிக்கு வைத்தார்கள். துபாஷியின் மனைவியும் அதில் ஒருத்தி. நாரை இடுப்பில் சுற்றிக்கொண்டு, கொட்டகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பின்பக்கமாகவே நடந்து திரிக்கிற வேலை. காற்றடித்தால் தீவு நகர்கிறது, வரைபடத்தில் போட்ட இடத்தில் நிற்க மாட்டேனென்கிறது என்று கவர்னருக்குக் கோபம். கயிறுகளை வெட்டிவிட்டு, ஆள் தொடை கனத்துக்கு இரும்புச் சங்கிலி கொண்டுவந்து பூட்டினார்.

ஒவ்வொரு உத்தரவையும் ஊருக்குச் சொன்னது துபாஷிதான். உள்ளதை உள்ளபடி சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வரி என்றால், "கொஞ்சம் ஒத்தாசை கேக்கறாங்க" என்பார். சவுக்கடி என்றால், "சத்தம் போடறாங்க, பாத்து இருங்க" என்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை இரண்டு பாஷையிலும் செய்தார். ஏற்கெனவே திரும்பிவிட்ட வீட்டுக்கு இனித் திரும்ப வழியில்லை, அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. சில வருஷத்தில் வீட்டுக்குள் அவர் குனிந்தே நடக்க வேண்டியதாயிற்று. மனைவி உத்திரத்தில் தலை இடித்துக்கொள்ளும்போதெல்லாம், "நான்தான் உசந்துட்டே போறேன் போல" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். நல்ல வளர்ப்பு அவளுக்கும் இருந்தது.

ஒருநாள் மத்தியானம் பெரியம்மா சாக்கடையைத் தாண்டி வந்து, குனிந்து உள்ளே நுழைந்தாள். தாழ்ந்த கூரையைப் பார்த்தும் பார்க்காதவள் மாதிரி உட்கார்ந்தாள்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். முதல் நாள் அந்தக் கேப்டன் வேணாம்னுதானே சொன்னான்?"

துபாஷியின் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். துபாஷி தரையைப் பார்த்தார்.

"ஆமாங்க பெரியம்மா."

"அது போதும்ப்பா. சொன்ன சொல்லை மறந்துட்டாங்க, வேற என்ன? நான் போய் நினைவுபடுத்தறேன். நீ கூட வந்து எடுத்துச் சொல்லு."

மறுநாள் பங்களாவின் பெரிய அறையில் அவள் கவர்னருக்கு முன்னால் நின்று, உங்கள் ஆள் வேண்டாமென்று சொல்லிவிட்டார், இப்போது இதெல்லாம் என்ன என்று பதமாகக் கேட்டாள். யார் அப்படிச் சொன்னது என்றார் கவர்னர். "இதோ, இந்தப் பிள்ளைதான் சாட்சி" என்று துபாஷியின் தோளில் கை வைத்தாள். கவர்னர் அவரிடம் திரும்பி, கேப்டன் மறுத்தாரா என்று தன் பாஷையில் கேட்டார். இல்லை, ஏற்றுக்கொண்டார் என்று துபாஷி அதே பாஷையில் சொன்னார். வாய் பிசகிய அந்த முதல் நாளுக்குப் பிறகு அவர் உள்ளபடி சொன்ன ஒரே வார்த்தை அதுதான். சொல்லக் கூடாத இடத்தில், அவளுக்குப் புரியாத பாஷையில் சொன்னார். கலகம் மூட்ட வந்த பொய்க்காரி என்று அவளைப் பட்டைக் கிடங்கில் அடைக்க உத்தரவாயிற்று. சிப்பாய்கள் இழுத்துக்கொண்டு போகும்போது, அவள் கையை உதறிக்கொண்டு வந்து துபாஷியின் கன்னத்தைத் தட்டினாள்.

"நீ சொன்னியேப்பா, அது போதும். இவங்களுக்குத்தான் காது இல்ல."

மழைக்காலம் முடிவதற்குள் பெரியம்மா அந்தக் கிடங்கிலேயே செத்துப்போனாள். அன்று சாயங்காலம் தீவு ஒரு இழுப்பு இழுத்தது. கிழக்கே சங்கிலி விறைத்து முனகியது. அறுபடவில்லை, இரும்பாயிற்றே. தீவு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றதோடு சரி. அதிலிருந்து அங்கே தம்ளரில் தண்ணீர் ஊற்றினால் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கித்தான் நிற்கும். ஊரும் அதற்கேற்ற மாதிரி ஊற்றப் பழகிக்கொண்டது.

அடக்கம் முடிந்து வந்து, மனைவி கைகால் கழுவிவிட்டு அவர் எதிரே உட்கார்ந்தாள். அத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்தும் கேட்காததைக் கேட்டாள்.

"என்னங்க, நம்ம வீடு ஏன் திரும்பிச்சு?"

அவர் சொன்னார். எதையும் பதமாக்காமல், கேப்டன் தொப்பியைக் கழற்றியதிலிருந்து கன்னத்தைத் தட்டியதுவரை சொன்னார். அவள் கத்துவாள், கையில் கிடைத்ததை எறிவாள் என்று எதிர்பார்த்தார். அவள் எறியவில்லை.

"தட்டிக்கொடுத்துட்டுல்ல போனாங்க" என்றாள். கொஞ்சம் கழித்து, "நானும் கேக்காமத்தானே இருந்தேன். அன்னிக்கு அடுப்படியில நின்னுக்கிட்டு, நீங்க தரையைப் பாத்ததை நான் பாத்தேன்" என்று முகத்தை மூடிக்கொண்டாள்.

மறுநாள் கயிற்றுக் கொட்டகை விடும் நேரத்தில் துபாஷி நடுத்தெருவில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னார். எதையும் விடாமல் கடைசிவரை சொன்னார். யாரும் காறித் துப்பவில்லை. துப்பியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எல்லாரும் அவரவர் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் செருப்புத் தைக்கிறவர்தான் வாயைத் திறந்தார்.

"கப்பல் வந்த மறுநாளே வீடு திரும்பிச்சு. கூட்டிக் கழிச்சுப் பாக்கத் தெரியாதா எங்களுக்கு? எல்லாருக்கும் உள்ளுக்குள்ள தெரியும்ப்பா. கேட்டா மரியாதை இல்லன்னு இருந்துட்டோம்."

பால்காரி அழ ஆரம்பித்தாள். அப்படியே கலைந்து போனார்கள்.

விடிந்தபோது துபாஷியின் வீடு தெருவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. கூரையும் உயர்ந்திருந்தது. அவர் நிமிர்ந்து நடந்து வந்து கதவைத் திறந்தார். அவர் இத்தனை வருஷம் ஏங்கிய தெரு எதிரே கிடந்தது, இரண்டு பக்கமும் வீடுகளின் முதுகு மட்டும் தெரிந்தது. ஊரில் அத்தனை வீடும் ஒரே ராத்திரியில் திரும்பிக்கொண்டுவிட்டன. தெருவைப் பார்த்தபடி நின்றவை, அவர் வீட்டைத் தவிர இரண்டே இரண்டு. முனையில், வெட்கமென்றால் என்னவென்று தெரியாத கவர்னர் பங்களா. நேர் எதிரே, வெட்கப்பட ஒன்றுமில்லாத பெரியம்மாவின் வீடு.

மற்றவர்களும் வெளியே வந்து வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். எல்லாரும் சேர்ந்து செய்ததை யார் முதலில் சொல்வது என்று தெரியாமல் நாள் போயிற்று. நாளடைவில் சாக்கடைக்குப் பலகை போட்டார்கள், சந்திலேயே கடை வைத்தார்கள், கல்யாண ஊர்வலமும் அதிலேயே போனது. இப்போது அந்தச் சந்துதான் தெரு என்கிறார்கள். கவர்னர் சில காலம் காலியான தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஒருநாள் துபாஷியைக் கூப்பிட்டு, இவர்களுக்கு என்னதான் ஆயிற்று என்று கேட்டார். வெட்கப்படுகிறார்கள் என்றார் துபாஷி. எதற்கு என்று கேட்டார் கவர்னர். உங்களுக்கும் சேர்த்து என்றார் துபாஷி. அதைக் கவர்னர் எப்படி எடுத்துக்கொண்டாரோ தெரியாது. கொஞ்ச வருஷத்தில் கப்பல்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. அவர்கள் போனதைத் துபாஷியைத் தவிர யாரும் பார்க்கவில்லை, பழைய தெருப் பக்கம் வேறு யாருக்கும் ஜன்னல் இல்லை. சங்கிலியை மட்டும் கழற்ற மறந்துவிட்டார்கள்.

துபாஷி தினமும் காலையில் பழைய தெருவைக் கடந்து போய்ப் பெரியம்மாவின் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளிப்பார். கதவு சாத்தியபடியே கிடக்கும். ஒருநாள் குப்பையை அள்ளிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது. செத்தாலும் வாசலுக்கு வந்தவரை வரவேற்காமல் இருக்க முடியாத குரல்.

"வாங்க, எல்லாம் உங்களுதுதான்."

துபாஷி துடைப்பத்தைக் கீழே வைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்று கரையில் கேப்டனின் வாயில் தானே திணித்த வார்த்தையை, தன் வாயால், தன் பேச்சாகச் சொன்னார்.

"வேணாங்க பெரியம்மா. நீங்களே வச்சுக்கோங்க."

உள்ளே யாரோ பாய் விரிக்கிற சத்தம் கேட்டது. அவர் போய் உட்காரவில்லை, அதற்கு அவருக்கு இன்னும் முகம் இல்லை. மீதி வாசலையும் பெருக்கி முடித்து, துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாளும் குரல் கேட்டது, மறுநாளும் அதே பதிலைச் சொன்னார். இப்போது சந்தில் நடக்கிறவர்களுக்குக் கூட அந்தச் சத்தம் பழகிவிட்டது. பாய் விரிக்கிற சத்தம் கேட்டால், மணி ஏழாயிற்று என்று அடுப்பை மூட்டுகிறார்கள்.