ஆறாத மண்

காலையில் மூடுபனி ஆற்றை விட்டு ஏறி வந்து வேலிக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். அந்த நேரத்தில் நோரீன் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, ஒரு கையில் காப்பியோடு வீட்டின் பின்புறம் போய் நீலத் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்குவாள். உள்ளேயிருந்து ஆவி வரும். காப்பியின் ஆவியும் மண்ணின் ஆவியும் கொஞ்ச தூரம் சேர்ந்து மேலே போய், எது எதனுடையது என்று தெரியாமல் பனியில் கலந்துவிடும். சட்டைக் கையை மடித்து முழங்கை வரைக்கும் மண்ணுக்குள் விடுவாள். அடைகாக்கிற கோழியின் வயிற்றுக்கடியில் கை விட்டது போல இருக்கும்.

"இன்னும் சுடுது," என்பாள், கேட்க ஆளில்லாவிட்டாலும்.

அந்த மண்ணைக் கலந்தது ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கிழமை. கலந்தவள் நோரீன். கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவள் டாமரிஸ். டாமரிஸுக்கு எழுபத்திரண்டு, இடுப்பு சரியில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் மலைமேல் கஞ்சாத் தோட்டம் போட்டவள். நோரீனுக்கு அறுபத்தைந்து, மண்வெட்டி பிடித்ததே அன்றுதான்.

காரணம் உண்டு. ஊர்த் தபாலாபீசின் ஜன்னலுக்குப் பின்னால் நோரீன் முப்பத்துநாலு வருஷம் உட்கார்ந்திருந்தாள். மத்திய அரசு உத்தியோகம். கலிபோர்னியா மாநிலம் என்ன சட்டம் போட்டாலும் மத்திய அரசுக்குக் கஞ்சா கஞ்சாதான். ஊரே வளர்த்த காலத்தில் அவள் ஜன்னலோரம் புதினா வளர்த்தாள். போன இலையுதிர்காலத்தில் ஓய்வு பெற்றாள். இப்போது வீட்டுக்கு ஆறு செடி வரை யாரும் கேட்கமாட்டார்கள்.

"இந்தப் பள்ளத்தாக்குல அறுபத்தஞ்சு வயசாகியும் ஒரு செடி வளர்க்கத் தெரியாத ஆளு நீ ஒருத்திதான் போஸ்டாபீஸம்மா," என்றான் ஹோபர்ட். நண்டுப் படகு வைத்திருக்கிறவன், மீன் கொடுக்க வந்த சாக்கில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "உன்னைக் கண்ணாடிப் பெட்டியில வச்சுக் காட்டலாம்."

"காட்டு. முதல்ல அந்த மீனைக் குடுத்துட்டுக் காட்டு."

டாமரிஸ் சிரிக்கவில்லை. "பேச்சு அப்புறம். எண்ணு. நார்த்தூள் எத்தனை வாளி?"

"பத்து."

தேங்காய் நார்க்கட்டியைத் தண்ணீரில் போட்டதும் அது வாயைத் திறந்து திறந்து குடித்து, ஒரு கட்டி ஒரு தொட்டி நிறைய ஆகிவிட்டதை நோரீன் அன்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நுரைக்கல்லு?"

"பத்து. மண்புழு உரமும் பத்து."

"இப்ப மத்தது. மூணு வாளி கலவைக்கு ஒரு கப்பு. குமிச்சு அள்ளாதே, தட்டி அள்ளு. கடல்பாசித் தூள். வேப்பம்புண்ணாக்கு. சிப்பித் தூள். பாறை மாவு."

"பாறை எதுக்கு?"

"எல்லாம் உடனே கரைஞ்சா அடுத்த வருஷம் எதைத் தின்னும்? பாறை மெதுவாக் குடுக்கும். கிளறு. ஒரு கை எடுத்துப் பிடி. இறுக்கிப் பிடி. எத்தனை சொட்டு?"

"ஒண்ணு. ரெண்டு."

"போதும். மூடு. இனி நாலு வாரம் அதும்பாட்டுக்கு வேகட்டும். சூடு ஏறும், அப்புறம் ஆறும். ஆறினப்புறம்தான் செடி. ஆறறதுக்கு முன்னால வச்சே, வேர் கருகிடும். அப்புறம் எங்கிட்ட வந்து அழாதே, நான் இங்க இருக்கமாட்டேன்."

ஜூன் பன்னிரண்டாம் தேதி டாமரிஸ் ஐடஹோவுக்குப் போகிறாள், மகள் வீட்டுக்கு. மலை நிலத்தை விற்றாயிற்று. ஐடஹோவில் ஒற்றை இலை கையில் இருந்தாலும் போலீஸ் வரும். அவள் முப்பத்தோரு வருஷமாகக் கிளை வெட்டி, வெட்டிய கிளையை வேர்விட வைத்து, அதிலிருந்து மறுபடி வெட்டி, அறுந்துபோகாமல் கொண்டுவந்த செடி ஒன்று உண்டு. அதற்குப் பெயர் செவ்வாய். ஏன் அந்தப் பெயர் என்றால், "ஒரு செவ்வாய்க்கிழமை வந்துச்சு," என்பாள், அவ்வளவுதான். போன குளிர்காலத்தில் தாய்ச்செடி வேரழுகிப் போய்விட்டது. அதற்குமுன் வெட்டியவற்றில் வேர் பிடித்தவை நாலே நாலு. நாலும் இப்போது நோரீன் வீட்டுச் சமையலறை ஜன்னலில், நாலு காகிதக் கோப்பைகளில் நிற்கின்றன.

"இதுக்கு ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா?" என்று நோரீன் அன்றே கேட்டாள். "எல்லாரும் கரை கண்டவங்க."

"அதான் பயம். தெரிஞ்சவன் கையில குடுத்தா, 'இதை இன்னும் நல்லா ஆக்கிக் காட்டுறேன்'னு வேற எதோடயாவது சேர்த்துடுவான். நீ ஒண்ணும் தெரியாதவ. சொன்னதைச் செய்வே."

நோரீன் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் நாட்கள் ஒரு மாதிரியாகப் போயின. தபாலாபீஸ் இல்லாத நாளுக்கு விளிம்பு இல்லை. காலையில் கையை மண்ணுக்குள் விட்டுக் கண்ணை மூடினால், அந்தச் சூடு தோள் வரை ஏறும். உள்ளே கோடிக்கணக்கில் ஏதோ தின்றுகொண்டும் மூச்சு விட்டுக்கொண்டும் இருக்கிறது என்று டாமரிஸ் சொல்லியிருந்தாள். நோரீனுக்கு அது தூங்குகிற பெரிய மிருகம் ஒன்றின் விலாவைத் தொடுவது போலிருந்தது. சில நாள் அப்படியே நின்று காப்பி ஆறிப்போகும். பனி விலகி ரெட்வுட் மரங்களின் உச்சி தெரிந்தபிறகுதான் கையை எடுப்பாள்.

ஊரில் எதிர்ப்படுகிறவர்கள் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "வெந்தாச்சா?"

"வேகுது."

பலர் நேரிலேயே வந்தார்கள். ஆட்டுப்பண்ணை பெட்ரா பாலாடைக்கட்டி கொண்டுவந்தாள். ஹோபர்ட் வாரத்துக்கு இரண்டு தரம் வந்தான். டாமரிஸ் தடியூன்றிக்கொண்டு வந்து வாளிமேல் உட்கார்ந்தாள். நோரீன் உள்ளே போய்ச் சோளரொட்டி சுட்டுக்கொண்டு வருவதற்குள் எல்லோரும் குவியலைச் சுற்றி நின்று, தொட்டிலைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நாலு வாரம் முடிந்தது. மண் ஆறவில்லை. முப்பதாம் நாள், இருபதாம் நாளைவிடச் சூடாக இருந்தது. முப்பத்திரண்டாம் நாள் கையை உள்ளே வைத்திருக்கவே முடியவில்லை. ஜன்னலில் நாலு கன்றுகளுக்கும் கீழிலை மஞ்சளித்துவிட்டது. கோப்பையின் அடியில் வெள்ளை வேர் சுற்றிச் சுற்றி, போக இடமில்லாமல் பின்னிக்கொண்டிருந்தது. வைத்தால் கருகும். வைக்காவிட்டால் இப்படியே நின்று சாகும். முப்பத்தோரு வருஷம் ஒருத்தி காப்பாற்றியது தன் ஜன்னலில் முடியப்போகிறது என்று நோரீனுக்குத் தோன்றியது.

முப்பத்துமூன்றாம் நாள் காலை அவள் தார்ப்பாயை முழுசாக எடுத்துவிட்டு மண்வெட்டியால் குவியலை நடுவில் பிளந்தாள். மண்டியிட்டு முகர்ந்தாள். முப்பத்துநாலு வருஷம் பார்சல்களை முகர்ந்த மூக்கு. எந்தப் பெட்டி யார் வீட்டிலிருந்து வருகிறது என்று முகவரி பார்க்காமலே சொல்லிவிடுவாள், சொல்லாமலும் இருந்துவிடுவாள். அந்த மூக்குக்கு இது பெரிய காரியமில்லை.

மறுநாள் காலை மூன்று பேரையும் காப்பிக்குக் கூப்பிட்டாள். முற்றத்து மேஜையில் ரொட்டி இருந்தது, கருநாவல் ஜாம் இருந்தது. ஆளுக்கொரு சாஸரும் இருந்தது. ஹோபர்ட்டின் சாஸரில் ஆரஞ்சு நிறத்தில் நண்டு ஓட்டுச் சில்லுகள். பெட்ராவின் சாஸரில் ஆட்டுப் புழுக்கை. டாமரிஸின் சாஸரில் பாதி மட்கிய பச்சைத் தூள்.

மூன்று பேரும் ரொட்டியை விட்டுவிட்டுச் சாஸரைப் பார்த்தார்கள்.

"நண்டு ஓடு நல்லது," என்றான் ஹோபர்ட் கடைசியில். "அதுல புழு வராது. டாமரிஸ் லிஸ்ட்ல இல்லையேன்னு பாவம் பார்த்து ஒரு கைப்பிடி."

"ஒரு கைப்பிடியா?"

"வாரத்துக்கு ரெண்டு."

பெட்ரா புழுக்கையை விரலால் தள்ளினாள். "ஆட்டுது சூடே கிடையாது. எங்கம்மா நேரா செடிக்கே போடுவாங்க. ஹோபர்ட்டோட நண்டுதான் இதைக் கெடுத்திருக்கு."

"ஓஹோ. நண்டு கெடுத்துச்சு, உன் ஆடு போட்டது மட்டும் சந்தனமாக்கும்."

"சண்டையை ரொட்டி தின்னுட்டுப் போடுங்க," என்றாள் நோரீன். டாமரிஸைப் பார்க்கவில்லை. ஆனால் எல்லோரும் டாமரிஸைத்தான் பார்த்தார்கள்.

டாமரிஸ் பச்சைத் தூளைக் கிள்ளி மூக்கருகே கொண்டுபோனாள். "குதிரைமசால் தழை," என்றாள். "அரைச்சது."

"எவ்வளவு?"

"வர்றப்பல்லாம். கோட்டுப் பையில போட்டுக்கிட்டு வருவேன். நீ ரொட்டிக்கு உள்ளே போவியே, அப்ப."

"அதுக்கு மேல சூடேத்தறது எதுவும் இல்லைன்னு நீதானே சொன்னே."

"சொன்னேன்." தடியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினாள். "செவ்வாய்க்கு அது பிடிக்கும், நோரீன். நான் போனப்புறம் நீ குறைவாப் போட்டுருவியோன்னு இருந்துச்சு. ராத்திரி படுத்தா, அது பசிக்குதுன்னு சொல்றாப்பல இருக்கும். எனக்குத் தெரியாதா, தெரியும். தெரிஞ்சுதான் போட்டேன்."

ஹோபர்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இப்ப என்ன செய்யலாம்னா..." என்று ஆரம்பித்தான். பெட்ராவும் அதே சமயத்தில் ஆரம்பித்தாள். தண்ணீரை ஊற்றி அலசு என்றான் இவன். அப்படியே விட்டுவிட்டுப் புதுசாகக் கல என்றாள் அவள். புதுசு வேக இன்னும் நாலு வாரமாகுமே, கன்று தாங்குமா என்றான் இவன்.

"நான் சொல்றேன்," என்றாள் நோரீன்.

மூன்று பேரும் வாயை மூடினார்கள். இந்த விஷயத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுவரை இல்லை.

"குவியலா இருக்கிறதாலதான் இவ்வளவு சூடு. இன்னிக்கே பிரிச்சுத் தார்ப்பாய்ல மெல்லிசாப் பரப்பறேன். நார்த்தூளும் நுரைக்கல்லும் இன்னும் பத்துப் பத்து வாளி சேர்த்துக் கலக்கறேன், காரம் குறையும். அதைத் தொட்டியில அடியில மட்டும் போடறேன். அதுக்கு மேல, ஓடைக்கரையில ஆல்டர் மரத்தடியில இருக்கே இலைமக்கு, ஒண்ணும் சேர்க்காதது, அதை ஒரு முழம். கன்னு அதுல நிக்கட்டும். வேர் தானா இறங்கிப் போய் அடியில சூடு இருக்கான்னு பார்த்துக்கட்டும். சுட்டா நின்னுக்கும். ஆறினா போகும். அதுக்கு அவசரம் இல்லை, நமக்குத்தான்."

டாமரிஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "யார் சொன்னாங்க இதை?"

"யாரும் சொல்லலை. முப்பத்துமூணு நாள் கையை விட்டுக்கிட்டு நின்னேன். வேறென்ன யோசிக்கறது?"

"ஆகலாம்," என்றாள் டாமரிஸ் மெதுவாக. "ஆகாமலும் போகலாம்."

"ஆகட்டும் ஆகாமப் போகட்டும், இனிமே ஒருத்தரும் மண்ணுக்குப் பக்கத்துல வரக்கூடாது. மீன்காரரே, நீங்களும்தான். வேணும்னா இந்த மேஜை வரைக்கும் வரலாம்."

"சரிங்க ஆபீசர்," என்றான் ஹோபர்ட்.

அன்று பகல் முழுக்க அவள் மண்ணைப் பரப்பினாள். அவர்கள் மேஜையிலிருந்து நகராமல் பார்த்தார்கள். பெட்ரா இரண்டு தரம் எழுந்து, இரண்டு தரமும் உட்கார்ந்துவிட்டாள். பரப்பிய மண் வெயிலில் கருத்து மினுங்கி, மாலைக்குள் தன் மூச்சை விட்டுவிட்டது. இரண்டு நாள் கழித்து, நாலு துணித் தொட்டிகளில் நாலு கன்றுகளையும் வைத்தாள். பின்னிக்கிடந்த வேரை விரலால் ஒவ்வொன்றாகப் பிரித்தபோது, அவை ஈரமாக, எடையே இல்லாமல், ஏதோ கனவில் தொட்ட தலைமுடி போலக் கையில் ஒட்டின.

முதல் நாலு நாள் நாலும் தலையைத் தொங்கப்போட்டன. ஐந்தாம் நாள் ஒன்றின் இலைகள் நுனியிலிருந்து பழுப்பேறின. ஏழாம் நாள் அது தண்டோடு வளைந்துவிட்டது. அடியில் தோண்டிப் பார்த்தாள். இலைமக்கு அந்தத் தொட்டியில் ஒரு பக்கம் மெல்லிசாகச் சரிந்திருந்தது. வேர் சீக்கிரமே போய்ச் சூட்டைத் தொட்டுவிட்டது. சரித்தது தன் கைதான்.

ஒன்பதாம் நாள் மற்றவற்றின் நடுக்குருத்து, உறங்கி எழுந்த குழந்தை விரலை விரிப்பது போல, பச்சையாகப் பிரிந்தது. முதலில் ஒன்றில். மதியத்துக்கு மேல் இன்னொன்றில். மூன்றாவதில் பத்தாம் நாள்.

பன்னிரண்டாம் தேதி காலை மருமகன் ஓட்டிய வண்டி வேலியோரம் நின்றது. பின்னால் பெட்டிகள், ஒரு விளக்கு, சுருட்டிய பாய். டாமரிஸ் கண்ணாடியை இறக்கினாள், இறங்கவில்லை.

"எத்தனை?"

"மூணு."

"நாலாவது?"

"போயிடுச்சு. நான்தான் மேல் மண்ணைச் சரியாப் போடலை."

டாமரிஸ் முன்னால் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி உறுமிக்கொண்டே நின்றது. "எனக்கு முதல் வருஷம் ஒண்ணுதான் நின்னுச்சு," என்றாள். "அந்த ஒண்ணுதான் இது."

"இறங்கிப் பார்த்துட்டுப் போயேன். குருத்து வந்திருக்கு."

"வேண்டாம். பார்த்தா ஏதாவது சொல்லுவேன்." கண்ணாடியைப் பாதி ஏற்றினாள், நிறுத்தினாள். "ஆகஸ்டுல கிளை வெட்டு. கணுவுக்குக் கீழே, சாய்ச்சு. ஒண்ணைப் பெட்ராவுக்குக் குடு, அவளுக்கும் வேணும்னு கேட்டுக்கிட்டே இருந்தா."

"அவ வேற எதோடயாவது சேர்த்துடுவா."

"சேர்க்கட்டும். உன்கிட்ட இருக்கே."

வண்டி வளைவில் திரும்பி மரங்களுக்குள் போனது. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் இருந்து, அதுவும் ஆற்றுச் சத்தமாகிவிட்டது. நோரீன் உள்ளேயிருந்து மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து மூன்று தொட்டிகளுக்கு நடுவில் போட்டு உட்கார்ந்தாள். பனி இன்னும் விலகவில்லை. காலை பத்து மணிதான், ஆனாலும் கண் செருகியது. இலைமக்கில் வெள்ளை வேர்கள் இருட்டில் தடவித் தடவி இறங்குவது தெரிந்தது; கொஞ்சம் இறங்கும், நிற்கும், கீழே இருக்கிற வெதுவெதுப்பைக் கேட்கும், இன்னும் கொஞ்சம் இறங்கும். அவளும் அவற்றோடு இறங்கினாள், மெதுவாக, சுடவில்லை.