ஏரிக்கரையில் ஒரு நாள்

மூன்று நாள் விடுப்பு என்றதும் மேஸ்திரி முறைத்தார். டைல்ஸ்காரர் அதைக் கண்டுகொள்ளவில்லை. பதினொரு வாரமாக ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு மாடி மாடியாகத் தரை போட்டதில் அவருடைய முழங்கால்கள் கெஞ்ச ஆரம்பித்திருந்தன. குனிந்தால் நிமிர முடியாது, உட்கார்ந்தால் எழ முடியாது. விடுப்பு கிடைத்தால் மூன்று நாளும் படுத்துக் கிடக்கலாம் என்றுதான் உடம்பு சொன்னது. ஆனால் மலை ஏரிக்குப் போகவேண்டும் என்பது மனைவியின் வெகுநாள் ஆசை. சலவை நிலையத்தில் நீராவிக்கு நடுவே நின்று நின்று அவளும் வாடிப்போயிருந்தாள். உடம்பு சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வேன் ஓட்டுகிற மச்சான்தான் அழைத்துப் போனான். மலைக்காடுகளில் தீ பற்றி ஒரு வாரம் ஆகியிருந்தது.

“ரெண்டு மலை தள்ளி எரியுது மாமா. நெருப்புக்கு நம்ம அட்ரஸ் தெரியாது” என்றான்.

பின் சீட்டில் பதினாலு வயது மகள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு உம்மென்று வந்தாள்.

மதியம் போய்ச் சேர்ந்தபோது எதிர்க்கரையே தெரியவில்லை. வானம் பழைய வெள்ளை வேட்டி மாதிரி பழுப்பேறிக் கிடந்தது. ஹெலிகாப்டர்கள் ஏரியில்தான் தண்ணீர் மொண்டு போகின்றன, யாரும் இறங்கக்கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். வாடகைக் குடில்களில் பாதி காலி. வெளியே மேசையில் ரொட்டியும் முட்டையும் எடுத்து வைத்தால் ஐந்து நிமிடத்தில் மேலே மெல்லிய சாம்பல். தட்டுகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். ஜன்னல்களைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் புகை.

“எப்படி இருக்கு?” என்று மனைவியிடம் கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கு. உங்களுக்கு?”

“எனக்கென்ன, ஜோரா இருக்கு.”

மச்சான் தூண்டிலைப் போட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான். வாரம் முழுக்க ராத்திரி சவாரி ஓட்டியவன். சிக்னல் கிடைக்காத போனை மகள் நாலு திசைக்கும் தூக்கிக் காட்டிக் களைத்தாள். திரும்பிப் போகலாம் என்ற பேச்சை மட்டும் ஒருவரும் எடுக்கவில்லை.

மறுநாள் காலை வனக்காவலர் குடில் குடிலாக வந்தார். தூங்கிப் பல நாள் ஆனவர் போலக் கண்கள் சிவந்திருந்தன.

“இப்போதைக்கு காலி பண்ணச் சொல்லி உத்தரவு இல்ல. இருக்கிறதும் போறதும் உங்க இஷ்டம். காத்து திரும்பிச்சுன்னா அரை மணி நேரம்தான் கிடைக்கும்.”

அவர் போனபிறகு நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அக்கா என்ன சொல்றியோ அதுதான்” என்றான் மச்சான்.

“அவர் என்ன சொல்றாரோ” என்றாள் அவள்.

“என்னைக் கேட்டா? உனக்கு எப்படித் தோணுதோ” என்றார் அவர். அந்தப் பேச்சு அங்கேயே நின்றுபோயிற்று.

சற்று நேரம் கழித்து அவர் பொதுக் குளியலறைப் பக்கம் நடந்தார். பின்புறம் கவிழ்த்த வாளியின் மேல் மனைவி உட்கார்ந்திருந்தாள். கையில் ஆஸ்துமா இன்ஹேலர். தோள் இரண்டும் மேலே ஏறி ஏறி இறங்கின. அவரைக் கண்டதும் அதை முந்தானைக்குள் மறைத்தாள்.

“எத்தனை தடவை அடிச்சே?”

“ரெண்டு.”

“உண்மையைச் சொல்லு.”

“நேத்துலேருந்து ஒன்பது பத்து இருக்கும். இதுல இனிமே கொஞ்சம்தான்.”

“பைத்தியமா உனக்கு? ஒரு வார்த்தை சொன்னா என்ன?”

“நீங்க இவ்ளோ ஆசையா வந்திருக்கீங்க. நான் எப்படிக் கெடுக்கிறது?”

“நானா? ஆசைப்பட்டது நீதானே! பிரிட்ஜ்ல அந்த ஏரிப் படத்தை ஒட்டி வெச்சது யாரு?”

“அங்க பெயின்ட் உரிஞ்சிருந்துச்சு, மறைக்க ஒட்டினேன்.” மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள். “நீங்கதான் வேலை விட்டு வந்ததும் அது முன்னாடியே நிப்பீங்க. ரெண்டு வருஷமா பாக்கிறேன்.”

“அடிப்பாவி, முட்டிக்கு வைக்க ஐஸ் எடுக்க நின்னேன்.”

அவள் சிரிக்கப் பார்த்தாள். அது இருமலாக மாறியது. அவர் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். கோபப்படவும் தெம்பில்லை.

பத்து நிமிடத்தில் கிளம்பினார்கள். ஈரத் துண்டுகளை வேனின் ஏசி ஓட்டைகளில் மகள்தான் அடைத்தாள்.

“எனக்கு வரவே பிடிக்கல. வரலேன்னா நீங்க ரெண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவீங்களேன்னு வந்தேன்” என்றாள்.

“நீ வேற ஏன்டி” என்றான் மச்சான்.

பாதி மலை இறங்குவதற்குள் காற்று திரும்பிவிட்டது. மேலே எல்லோரையும் காலி செய்யச் சொன்னதில் அவர்களுக்குப் பின்னால் வண்டிகள் வரிசை கட்டின. முன்னால் தீயணைப்பு வண்டிகள் ஏறி வர வழிவிட்டுப் போக்குவரத்தை நிறுத்தியிருந்தார்கள். ஒரு வளைவைத் தாண்ட முக்கால் மணி நேரம். ரியர்வியூ கண்ணாடியில் முகட்டுக்கு மேல் புகை கறுத்துக்கொண்டு வந்தது. அவர் மனைவியின் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தார். விசில் சத்தம் கூடினால் அவர் உடம்பும் விறைத்தது, குறைந்தால் தளர்ந்தது. கடைசி மருந்தையும் அடித்தபிறகு அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை.

அடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் மருத்துவ முகாம் போட்டிருந்தார்கள். நர்ஸ் பார்த்த மாத்திரத்தில் அவளை உட்காரவைத்து ஆக்சிஜன் முகமூடியை மாட்டினாள்.

“இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா?” என்று அவரைப் பிடித்துத் திட்டினாள். அவர் தலையாட்டினார். எல்லாம் நியாயமான திட்டு.

சாயங்காலம் அவளைப் போகலாம் என்றார்கள். வீட்டுக்கு வந்தால் இங்கேயும் தெருவெல்லாம் புகைநெடி. பைகளைப் பிரிக்காமல் கூடத்திலேயே போட்டார்கள். மச்சான் ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் விழுந்தான். அவள் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். மகள் அம்மாவின் காலடியில் சுருண்டுகொண்டாள்.

காலையில் அவர் சலவை நிலையத்துக்கு போன் செய்து, மனைவி இரண்டு வாரம் வரமாட்டாள் என்றார். சூப்பர்வைசர் அம்மாள் ஆள் பற்றாக்குறையைப் பற்றி ஏதோ ஆரம்பித்தாள். கேட்கத் தெம்பில்லை. “சரிங்கம்மா” என்று வைத்துவிட்டு, மறுபடியும் போய் மனைவி பக்கத்தில் படுத்தார்.