அண்ணனின் மூச்சு

கணவன் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவோடு பஸ் டிப்போவுக்கு வந்தவள், அலுவலக ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாள். மூச்சுச் சோதனை மிஷினின் குழாயை வாயில் வைத்து அவளுடைய அண்ணன் ஊதிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவள் கணவன் நிதானமாகத் தலை சீவிக்கொண்டிருந்தான். மிஷின் துப்பிய சீட்டைக் கிழித்து, கணவனின் சட்டைப்பையில் செருகி, “போய்ட்டு வா மாப்ள” என்றான் அண்ணன்.

குடிக்கவில்லை என்று காட்ட, வண்டி எடுக்கும் முன் ஓட்டுநர்கள் எல்லோரும் நேரக் கண்காணிப்பாளரான அண்ணன் முன்னால் ஊத வேண்டும். குடியை விட்டுவிட்டேன் என்று கணவன் சத்தியம் செய்த நாளிலிருந்து, சைபர் போட்ட அந்தச் சீட்டு தினமும் வீட்டுக்கு வந்தது. அவள் ஒவ்வொன்றையும் பிரார்த்தனைப் புத்தகத்துக்குள் வைத்துக் கடவுளுக்கு நன்றி சொன்னாள். அண்ணனுக்கும் சேர்த்துத்தான். கணவன் வாயில் எந்நேரமும் புதினா மிட்டாய். குடி ஞாபகம் வராமலிருக்க என்றான். அவளே வாங்கிக் கொடுத்தாள்.

“எத்தனை நாளாண்ணா?” என்றாள் ஜன்னலிலிருந்தே.

அண்ணன் திடுக்கிட்டான். கணவன் நழுவி வண்டிப் பக்கம் நடந்தான்.

“கத்தாதம்மா. அவன் வேலை போனா உன் வீட்டு அடுப்புதானே அணையும்? உனக்காகத்தான் செஞ்சேன்.”

“என் பேரைச் சொல்லாத.”

“நீ மட்டும் என்ன? எத்தனை வருஷம் அவனுக்குக் காய்ச்சல்னு இங்க போன் பண்ணே? ஒரே மாசத்துல மூணு தடவ டைஃபாய்டு வந்த ஆளு உலகத்துலயே இவன்தான்!”

அது பொய்யில்லை. அதனால்தான் அப்படி வலித்தது. ஆனால் அவளுடைய பொய் அவனை வீட்டில் படுக்க வைத்தது. அண்ணனின் பொய் அவனை ஸ்டீயரிங் முன்னால் உட்கார வைக்கிறது.

வாசலில் நின்ற வண்டியில் ஆட்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த கணவனைத் தாண்டிப் போய், அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள்.

“இறங்குடி. மானத்த வாங்காத.”

“இறங்கும்மா, ரெண்டு பேர் வேலையும் போயிடும்” என்று கெஞ்சினான், பின்னாலேயே ஓடிவந்த அண்ணன்.

“என்னம்மா தகராறு? எங்களுக்கு நேரமாகுது” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவள் திரும்பினாள். “டிரைவர் குடிச்சிருக்காரு. வேற ஆளு வரட்டும்.”

இத்தனை வருஷத்தில் அந்த வாக்கியத்தை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. முதல் இருக்கைக்காரி, மடியில் தூங்கும் குழந்தையைக் கலைக்காமல், எதுவும் கேட்காமல் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவள் ஒரு கையால் வாங்கிக் குடித்தாள். மற்றொரு கை ஸ்டீயரிங்கை விடவில்லை.