திரு. அம்மாருக்கு ஒரு நாற்காலி

துனிசியாவின் தலைநகர் துனிஸில் ஓர் ஓட்டல் மண்டபத்தில் இருபது நாட்டு ஆட்கள் காலையிலிருந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பின்சுவர்க் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து ஒல்ஃபா அத்தனை பேராகவும் பேசினாள். ஆங்கிலத்தில் வருவதை அரபியில், அரபியில் வருவதை ஆங்கிலத்தில், உடனுக்குடன். மண்டபத்தில் ஒருவர் 'நான்' என்றால் அவளும் 'நான்' என்பாள். அவளுக்கென்று மட்டும் ஒரு 'நான்' கிடையாது. தும்மல் வந்தால்கூட 'மொழிபெயர்ப்பாளர் மன்னிப்புக் கேட்கிறார்' என்றுதான் சொல்ல வேண்டும். தொழில் வழக்கம் அப்படி.

இணையத்தில் மனித உரிமைகளைக் காப்பாற்ற அந்த அரசுகள் சேர்ந்து ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போட இருந்தன. அதில் ஏழாவது பத்தியில்தான் ஒல்ஃபா உயிரை வைத்திருந்தாள். ஓர் அரசு எந்தப் பக்கத்தைத் தடுத்தாலும், தடுத்தது யார், எந்தச் சட்டப்படி என்று அந்தப் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும். அவ்வளவுதான் பத்தி.

இரண்டு வருஷத்துக்கு முன் கவிழ்ந்த ஆட்சியில் அப்படி யாரும் எழுதிவைத்ததில்லை. தடுத்த பக்கத்தைத் திறந்தால் '404, பக்கம் இல்லை' என்று வரும், ஏதோ கோளாறு போல. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கைக்கு ஊரே சேர்ந்து அம்மார் என்று பெயர் வைத்தது. ஆஸ்பத்திரி வரிசைகளைப் பற்றி ஒல்ஃபா எழுதிவந்த வலைப்பூவையும் ஒரு வியாழக்கிழமை அம்மார் விழுங்கினான். அக்கா பஸ்மா இன்றுவரை நம்பவில்லை. "நீயே பயந்துபோய் அழிச்சிட்டு அவன் மேல பழிய போடுறியா?" என்பாள்.

மூன்றாவது வரிசையில் சிவப்புக் கழுத்துப்பட்டை கட்டியவர் ஒலிவாங்கியை இழுத்தார். "ஏழாவது பத்தி வேண்டாம்னு நான் நினைக்கிறேன். இதெல்லாம் இன்ஜினியருங்க பாத்துக்கிற சின்ன விஷயம்."

'நான் நினைக்கிறேன்' என்று ஒல்ஃபா அரபியில் சொல்லி முடித்தபோது வாயெல்லாம் கசந்தது. பக்கத்திலிருந்த ஜோடி மொழிபெயர்ப்பாளர் நெஜிபா ஒலிவாங்கியை அணைத்தாள். "உன் கழுத்த உன் வாயாலயே அறுக்கிறே. இந்தா, இதத் தின்னு," என்று பேரீச்சம்பழப் பலகாரத்தை நீட்டினாள்.

உள்ளூர்ப் பிரதிநிதி ஹெதி எழுந்தார். கோபம் வந்தால் அவருக்கு வீட்டு அரபிதான் வரும். "இந்தப் பத்திய எடுத்தீங்கன்னா அம்மாருக்கு ரொம்ப சந்தோஷம். அவர ஒரு வார்த்த கேட்டுட்டு முடிவு பண்ணுங்க."

தணிக்கை என்று சொல்லியிருக்க வேண்டும். பழக்கதோஷத்தில் ஒல்ஃபா ஆங்கிலத்திலும் அம்மார் என்றே சொல்லிவிட்டாள்.

தேநீர் முடிந்து எல்லோரும் திரும்பியபோது முன்வரிசையில் புதிதாக ஒரு நாற்காலி. மேசைமேல் தண்ணீர்ப் புட்டி, பேனா, 'திரு. அம்மார்' என்று அச்சடித்த அட்டை.

எஸ்தோனியாவிலிருந்து வந்திருந்த கூட்டத் தலைவர் மாரிகா கடிகாரத்தைப் பார்த்தார். "திரு. அம்மார் இன்னும் வரலையே. அவர கேக்காம முடிவெடுத்தா மரியாதையா இருக்காது."

ஹெதி மேசையில் கவிழ்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மாரிகா கூண்டைப் பார்த்தார். "மொழிபெயர்ப்புல ஏதாவது தப்பா?"

"மொழிபெயர்ப்பாளர் மன்னிப்புக் கேக்குறாங்க," என்றாள் ஒல்ஃபா. "அம்மார்னு ஆள் கிடையாது. எங்கள தடுத்த கைக்கு நாங்க வச்ச பேரு."

சிவப்புக் கழுத்துப்பட்டைக்காரர் புன்னகைத்தார். "இல்லாத ஆளுக்கு இவ்வளவு பயமா?"

அந்த இடத்தில் அவள் நிறுத்தியிருக்கலாம். நெஜிபா காலை மிதித்தும் பார்த்தாள்.

"மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு வலைப்பூ இருந்துச்சு," என்றாள் ஒல்ஃபா. "ஒரு நாள் பக்கம் இல்லைன்னு வந்துச்சு. வழக்குப் போடலாம்னா யார் மேல போடுறது? தடுத்ததா யாருமே ஒத்துக்கல. வலைப்பூவ படிச்சவங்க மொழிபெயர்ப்பாளர கோழைன்னாங்க. சொந்த அக்காவே நம்பல. தடுத்தவங்க ஒரே ஒரு வரி எழுதியிருந்தா, அத மொழிபெயர்ப்பாளர் எல்லாருக்கும் காட்டியிருப்பாங்க."

சிவப்புக் கழுத்துப்பட்டைக்காரர் தொலைபேசியோடு வெளியே போனார். கால் மணி நேரம் கழித்து வந்து, "'முடிந்தவரை'ன்னு ஒரு வார்த்தைய மட்டும் சேத்துக்கலாமா?" என்றார்.

"அந்த ஒரு வார்த்தைக்குள்ள அம்மார் பொண்டாட்டி பிள்ளையோட குடித்தனமே நடத்துவான், ஐயா," என்றார் ஹெதி.

இம்முறை ஒல்ஃபா தெரிந்தேதான் ஆங்கிலத்திலும் அம்மார் என்றாள். மண்டபம் முழுக்கச் சிரித்தது. சிவப்புக் கழுத்துப்பட்டைக்காரரும் சிரித்துவிட்டார், பிறகு கையைத் தூக்கினார். "சரி, அப்படியே இருக்கட்டும். ஏத்துக்கிறேன்."

அதை அரபியில் சொல்லும்போது ஒல்ஃபாவுக்குக் குரல் கொஞ்சம் பிசிறியது. நெஜிபா அவள் கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டாள்.

"எந்திரிச்சுப் போய் முகத்த கழுவிட்டு வாடி. எட்டாவது பத்திய நான் பாத்துக்கிறேன்."

எட்டாவது பத்தி ஒன்றரை மணி நேரம் இழுத்தது. ஒரு காற்புள்ளியை எங்கே போடுவது என்பதில் தகராறு.