இனிக்காத தண்ணீர்

முன்னறையில் இருந்தவர்கள்: அக்கா, அவள் தம்பி, தம்பி மனைவி, நர்ஸம்மா. தம்பி மனைவியின் இடுப்பில் சமையலறைச் சாவி. அந்த வீட்டில் அதையும் ஓர் ஆளாகக் கணக்கில் வைக்கலாம்.

அக்காவுக்குச் சர்க்கரை நோய். மாத்திரை கூடிக்கொண்டே போனது, சர்க்கரை இறங்கவில்லை. இனிப்பைத் திருடித் தின்கிறாள் என்று முடிவுகட்டிச் சமையலறையைப் பூட்டினார்கள். கேட்டால்தான் சோறு. போன மாதம் நர்ஸம்மா வந்து அவள் கால்விரல் நகங்களை வெட்டி உறையில் போட்டுக்கொண்டாள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையும் புட்டியில் பிடித்துப் போனாள்.

"நகத்துலயும் ஆர்சனிக் இருக்கு, தண்ணியிலயும் இருக்கு" என்றாள் இன்று. "வருஷக்கணக்கா குடிச்சா சர்க்கரைய ஏத்திவிடலாம்."

தம்பி ஒரு டம்ளர் மொண்டு குடித்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினான்.

"இனிக்கவே இல்லையே."

"உங்க அக்கா வாயில பட்டா மட்டும் இனிக்குமோ என்னவோ" என்றாள் அவன் மனைவி.

"அது விஷம்ப்பா. டேங்கர்ல ஏத்தி ஊருக்கே விக்கிறீங்க" என்றாள் நர்ஸம்மா.

"சர்க்கரைய ஏத்தலாம்னுதானே சொன்னீங்க? ஏத்துச்சுன்னு சொல்லலையே" என்றான் தம்பி.

"மத்தவங்க நகமும் சோதிச்சு வரணும். அப்புறம்தான் பெரிய டாக்டர் ஊருக்குச் சொல்லுவாரு. அதுவரைக்கும் நீங்களாவது குடிக்காதீங்க." நர்ஸம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அக்கா கையை நீட்டினாள். "இப்பவாவது பூட்டை எடுங்க. நான் திருடலைன்னு தெரிஞ்சுபோச்சுல்ல?"

தம்பி மனைவி இடுப்பிலிருந்து சாவியை உருவி நாற்காலிமேல் வைத்தாள். தம்பி குரலைத் தாழ்த்தினான்.

"நீயே வச்சுக்கக்கா. ஆனா யாரு கேட்டாலும் இனிப்பு தின்னேன்னே சொல்லு. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, உனக்கென்ன புதுசா குறைஞ்சுபோகுது?"

அக்கா சாவியை நாற்காலியிலேயே விட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். வாசலில் நின்ற டேங்கரின் குழாயடியில் குடங்கள் வரிசை கட்டியிருந்தன.

"யாரும் பிடிக்காதீங்க. இந்தத் தண்ணிதான் என்னைச் சீக்காளி ஆக்கியிருக்கு."

முதல் குடத்துக்காரி நிமிரவில்லை. "ஏன்க்கா, இதுக்கும் பூட்டுப் போடச் சொல்லிட்டாங்களா?"

வரிசை சிரித்தது. குடம் நிரம்பி வழிந்தது. அக்கா அந்தக் குடத்தைக் காலால் எட்டி உதைத்தாள். தண்ணீர் வீட்டுப்படிவரை ஓடியது.

பின்னால் தெருக்கதவு சாத்தப்பட்டது. உள்ளேயிருந்து தாழ் விழுந்தது, பூட்டில் சாவியும் திரும்பியது.