மஞ்சள் தோட்டா

முதல் வாயிலேயே சித்தப்பாவுக்கு முகம் சுளித்தது. தேநீரா அது, சர்க்கரைப் பாகு! போட்டோமா போடவில்லையா என்று சந்தேகம் வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை போட்டதன் பலன். மனைவி போய்ச் சேர்ந்ததிலிருந்தே இந்தச் சந்தேகம் அவரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. அவள் இருந்தவரை, "அடுப்ப அணைச்சேனா?" என்று படுக்கையிலிருந்து கேட்டால், "அணைச்சாச்சு, பேசாம தூங்குங்க" என்று சுவர்ப் பக்கம் திரும்பியபடியே பதில் வரும். இப்போது கேட்டால் யார் சொல்வது? சுவரா சொல்லும்? எழுந்து போய் அடுப்பைப் பார்ப்பார். திரும்பி வந்து படுத்ததும், நிஜமாகவே பார்த்தோமா என்று மறுபடி அரிக்கும். பூட்டிய கதவை இழுத்துப் பார்க்கத் தெருமுனையிலிருந்து அவர் திரும்பி வருவதை எதிர்வீட்டுப் பெண்மணி ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். தனக்கு மறதி முற்றிவிட்டது என்று அவரே முடிவு கட்டியிருந்தார்.

அவருக்கு அண்ணன் கிடையாது. ஆகவே முறைப்படி அவரைச் சித்தப்பா என்று கூப்பிட உலகத்தில் ஓர் ஆள் இல்லை. ஆனால் விமான நிலையத்தில் வாசல் காவலாளியிலிருந்து டவரில் உட்கார்ந்திருப்பவர் வரை அத்தனை பேருக்கும் அவர் சித்தப்பாதான். பறவை விரட்டுவது அவர் வேலை. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் இறங்குகிற விமானத்தின் இன்ஜினுக்குள் ஒரு கூட்டம் புகுந்துவிட்டால் சிரிப்பதற்கு ஆள் மிஞ்சாது. ஒவ்வொரு விமானமும் இறங்குவதற்கு முன்னால் ஜீப்பில் ஓடுபாதை நெடுகப் போய், புல்லில் மேய்கிறவற்றின் தலைக்கு மேலே ஒரு வெடி வைக்க வேண்டும். விடியற்காலையிலிருந்து மதியம் வரை சித்தப்பா, அதற்கப்புறம் இருட்டும் வரை மீசை. மீசை தன் மீசையை எடுத்துப் பல வருஷமாகிறது. பெயர் மட்டும் போகமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டது.

இரண்டு பேருக்கும் ஒரே துப்பாக்கி, ஒரே ஜாக்கெட். சுடாமல் மிஞ்சிய தோட்டாக்களை ஜாக்கெட்டின் வலதுபக்கப் பையிலேயே விட்டுவிடுவார்கள், அடுத்தவருக்கு உதவும். "எல்லாம் சரியா?" என்பார் மீசை. "சரிதான்" என்று இவர் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுப்பார். இத்தனை வருஷத்தில் இதற்கு மேல் அவர்கள் பேசிக்கொண்டது குறைவு. ஆனாலும் ஒரு நாளில் இன்னொரு மனிதரின் பக்கத்தில் அவர் நிற்பது அந்த ஓரிரண்டு நிமிஷம்தான். பிறகு வீட்டுக்கு வந்துவிடுவார். வேலிக்குப் பின்னால்தான் வீடு. மதியம் சாப்பிடும்போது ஒரு வெடி கேட்டால், மீசை வேலையில் இருக்கிறான் என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். பக்கத்து அறையில் யாரோ இருமியது போல அதில் ஓர் ஆறுதல்.

இன்னொரு வாய் குடித்துப் பார்த்தார். சந்தேகமே இல்லை, முதல் தடவையும் சர்க்கரை போட்டுத்தான் இருந்திருக்கிறார். கை ஒழுங்காகப் போட்டிருக்கிறது, தலைதான் கையை நம்பவில்லை. அப்படி நினைத்தவருக்குக் காலையில் நடந்தது ஞாபகம் வந்து, கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

காலையில் நல்ல பனி. விமானத்தின் விளக்கு தெரிய ஆரம்பித்த நேரத்தில் புல்லிலிருந்து ஒரு கூட்டம் குப்பென்று கிளம்பியது. கண் பறவைமேலேயே இருக்க, கையுறை போட்ட கை பைக்குள் போய்த் தோட்டாவை எடுத்துக் குழலில் போட்டு மூடியது. விசையை அழுத்தினார். டிக் என்றதே தவிர வெடிக்கவில்லை. திறந்து பார்த்தால் தோட்டா இருக்க வேண்டிய இடம் காலி. 'கருமம், தோட்டாவே போடல' என்று தன்னைத் திட்டிக்கொண்டு ஹாரனை அடித்தார். நல்லவேளை, அதற்கே பறவைகள் கலைந்துவிட்டன. அப்புறம் மதியம் வரை வேறு விமானம் இல்லாததால் சுட வேண்டிய தேவையே வரவில்லை. துப்பாக்கியை மீசையிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

போடவில்லையா? இப்போது விரல் வேறு ஒன்றைச் சொன்னது. ஏதோ ஒன்றை எடுத்தது. அது வழக்கத்தைவிட ஒல்லியாக இருந்தது. குழல் வாயில் அது நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு போனது.

நேற்று மீசைக்கு லீவு. லீவு நாட்களில் வேலை பார்க்க ஒரு பெண்ணைப் புதிதாக எடுத்திருந்தார்கள். முன்பு பள்ளிக்கூடத்தில் இருந்தவள் என்பதால் எல்லாருக்கும் டீச்சர். தோளில் அடிபட்டவள், பெரிய துப்பாக்கியின் உதை தாங்காது என்று அவளுக்குச் சின்னக் குழல் உள்ள துப்பாக்கி வந்தது. பெரியதற்குச் சிவப்புத் தோட்டா, சின்னதற்கு மஞ்சள். "செவப்பு ஜாக்கெட்ல மஞ்சள் வரக்கூடாது, மஞ்சள் ஜாக்கெட்ல செவப்பு வரக்கூடாது" என்று அதிகாரி தலைபாடாக அடித்துக்கொண்டார். ஒல்லித் தோட்டா பெரிய குழலில் வாயோடு நிற்காமல் உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளுமாம். திறந்து பார்த்தால் காலியாகத்தான் தெரியும். அதை நம்பிப் பின்னால் ஒரு சிவப்பைப் போட்டுச் சுட்டால், முன்னால் இருப்பதும் சேர்ந்து வெடித்து, இடது கை பிடித்திருக்கிற இடத்திலேயே குழல் கிழிந்துவிடும். கிழிந்த குழல் ஒன்றின் படத்தையும் காட்டினார். அதைப் பிடித்திருந்தவன் என்ன ஆனான் என்று மீசை கேட்டதும் அவர் படத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நேற்று கைமாற்றும் நேரத்தில் தூறல். டீச்சரின் ஜாக்கெட்டில் ஜிப் பிய்ந்துவிட்டது. "இதப் போட்டுக்கம்மா, நனையாத" என்று தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தவர் சித்தப்பாவேதான். "ரொம்ப நல்லவரு சித்தப்பா நீங்க" என்றாள் அவள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு சாயங்காலம் முழுக்க அசடு மாதிரி சந்தோஷமாக இருந்தார். அவள் சுடாமல் மிஞ்சிய மஞ்சள் அந்தச் சிவப்பு ஜாக்கெட்டின் பையிலேயே கிடந்திருக்க வேண்டும்.

மதிய விமானத்துக்கு நேரமாகிவிட்டது. இன்னும் வெடிச்சத்தம் கேட்கவில்லை. மீசையைக் கைப்பேசியில் அழைத்தார், மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓடுபாதைக்குக் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது, அது அலமாரியில் கிடக்கும். மிச்சம் இருப்பது டவர். டவரில் பேசினால் எல்லாமே பதிவாகும். குழல் காலியாக இருந்துவிட்டால், சித்தப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று ஊரே சொல்லும். தோட்டா இருந்துவிட்டால் ஜாக்கெட்டைக் கொடுத்த கதை வெளியே வரும். எப்படிப் போனாலும் வேலை போச்சு. "ரெஸ்ட் எடுக்கலாமே சித்தப்பா" என்று அதிகாரி ஏற்கெனவே இரண்டு தரம் தூண்டில் போட்டுப் பார்த்தவர். ரெஸ்ட் என்றால் இந்த வீடு, காலையிலிருந்து ராத்திரி வரை இந்தச் சுவர். ஒருவேளை நிஜமாகவே தோட்டா போட மறந்துதான் இருப்போமோ, பேசாமல் இருந்துவிடலாமோ என்று ஒரு நினைப்பு ஓடியது. அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே அவருக்கு அருவருப்பு வந்தது.

தூரத்தில் விமானத்தின் இரைச்சல் கேட்டது. டவர் எண்ணை அழுத்தினார்.

"சித்தப்பா பேசுறேன்பா. மீசைய சுட வேணாம்னு சொல்லு. உடனே சொல்லு."

"என்ன ஆச்சு?"

"குழலுக்குள்ள மஞ்சள் தோட்டா மாட்டியிருக்கு."

"யார் போட்டது?" டவர்க்காரர் குரலைத் தாழ்த்தினார். "பதிவாகுது சித்தப்பா. பாத்துப் பேசுங்க."

"நான்தான் போட்டேன். முதல்ல அவன்கிட்ட சொல்லுப்பா!"

அந்தப் பக்கம் வயர்லெஸ் கரகரத்தது. சுடாதே, சுடாதே என்று டவர்க்காரர் கத்துவது கேட்டது. சித்தப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெடி கேட்கக் கூடாது, கேட்கக் கூடாது என்று வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. தினமும் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்த மனுஷர்.

"லைன்ல விடுறேன், நீங்களே பேசுங்க" என்றார் டவர்க்காரர்.

"என்ன சித்தப்பா, தூக்கத்துல கனவு கண்டீங்களா?" மீசையின் குரல். "இப்பதான் செவப்பப் போட்டு மூடினேன்."

"அத எடுத்துடு. எடுத்துட்டுக் குழல வெளிச்சத்துக்குக் காட்டிப் பாரு."

குழல் மடங்குகிற சத்தம் கேட்டது. பிறகு பறவைகளின் இரைச்சல் மட்டும்தான். விரட்ட ஆளில்லாமல் அவை ஓடுபாதை முழுக்க இறங்கியிருக்க வேண்டும்.

"மீசை?"

கைப்பேசியைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார்.

"டேய், சொல்லுடா. என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல சித்தப்பா." குரல் அடியோடு மாறியிருந்தது. "அந்தப் பக்கத்து வெளிச்சமே தெரியல."

துப்பாக்கியைப் புல்லில் வைத்துவிட்டு ஜீப்புக்குப் பின்னால் போகச் சொல்லி டவர்க்காரர் உத்தரவிட்டார், விமானத்தை ஒரு சுற்று சுற்றச் சொன்னார். பின்னால் அதிகாரி ஏதோ கேட்பதும் காதில் விழுந்தது.

"சித்தப்பா, நாளைக்குக் காலைல நீங்க டியூட்டிக்கு வர வேணாமாம். நேரா அவர் ரூமுக்கு வரணுமாம்" என்றார் டவர்க்காரர்.

"சரிப்பா. அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல, ஜாக்கெட்டக் குடுத்தது நான்தான்னு சொல்லிடு."

கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்கப் போனார்.

"சித்தப்பா, வெச்சிடாதீங்க" என்றார் மீசை. "கொஞ்ச நேரம் ஏதாவது பேசிட்டே இருங்க."

ஏதாவது என்றால் என்ன பேசுவது? இத்தனை வருஷத்தில் அந்த மனிதனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறதா, வீடு எந்தப் பக்கம் என்றுகூட அவர் கேட்டதில்லை. விமானம் கூரைக்கு மேலே தாழ்வாகச் சுற்றியதில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்த இரைச்சல் கொஞ்சம் அடங்கட்டும் என்று காத்திருந்தார்.

"சாப்டியா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல சித்தப்பா" என்றது குரல். அதற்குப் பின்னால் ஆயிரம் பறவைகள் கத்திக்கொண்டிருந்தன.