விபத்தில்லா நாற்பது நாட்கள்

முப்பத்தொரு வருஷம் ஓடுகிற பஸ்ஸில், ஒரு கையில் டிக்கெட் கட்டும் மறு கையில் சில்லறையுமாகக் கம்பியைப் பிடிக்காமல் நின்றவள், ஆடாமல் அசையாமல் இருக்கும் வீட்டில் ஏன் விழுகிறாள்? கண்டக்டரம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை. ஓய்வு பெற்று ஆறு வருஷமாகிறது. இந்த வருஷம் மட்டும் மூன்று முறை விழுந்துவிட்டாள்.

மகனுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. அவன் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. விபத்து நடந்தால் நிரப்ப அங்கே ஒரு படிவம் உண்டு. அதில் ஒரு கட்டு வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

முதல் முறை விழுந்தது குளியலறை வாசலில். 'காரணம்: கால்மிதி' என்று எழுதி அதை எடுத்துப் போட்டான். வழுக்குகிற கால்மிதி, எடுத்தது நியாயம்தான். இரண்டாவது, மாடிப்படியில். 'காரணம்: படி.' படியை எடுத்துப் போட முடியாதே! அதனால் அம்மாவின் கட்டிலைக் கீழே இறக்கினான். மூன்றாவது, அடுப்படியில். 'காரணம்: சமையல்.' அவளை அங்கேயும் நுழையவிடவில்லை.

"இன்னொரு தடவை விழுந்தா சக்கர நாற்காலிதாம்மா. வாங்கியே வச்சுட்டேன்." கதவுக்குப் பின்னால் அது பிளாஸ்டிக் உறை பிரியாமல் மடங்கி நின்றது.

"எனக்கா? பிரேக் போடும்போது விழ இருந்தவங்க எத்தனை பேரை இந்தக் கையால தாங்கிப் பிடிச்சிருக்கேன் தெரியுமாடா?"

"அதெல்லாம் பதிவுல இல்லம்மா."

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு பலகை ஏறியது: 'விபத்தில்லா நாட்கள்: 0'. அன்றிலிருந்து தண்ணீர், செய்தித்தாள், சாப்பாடு எல்லாமே அவள் நாற்காலியைத் தேடி வந்தன. எழப் போனால் மருமகள் ஓடி வருவாள்.

"அத்தை, நீங்க எழுந்தா அவர் படிவத்தை எடுத்துடுவாரு. உட்காருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

கதவுக்குப் பின்னால் நின்றதைப் பார்த்துப் பார்த்து அவளும் உட்கார்ந்தே கிடந்தாள். பலகையில் எண் ஏறியது. நாற்பதாம் நாள் மகன் தொழிற்சாலை வழக்கப்படி ஒரு சான்றிதழ் அடித்துக்கொண்டு வந்தான்.

"முன்னால வந்து வாங்கிக்குங்கம்மா. நான் போட்டோ எடுக்கணும்."

நாற்காலியின் கைப்பிடிகளை அழுத்தி எழுந்தாள். இரண்டடி வைத்தாள். சான்றிதழுக்கு இரண்டு கையையும் நீட்டியபோது முழங்கால் மடங்கிவிட்டது. மகன் மேல் சாய்ந்தாள். அவனும் சேர்ந்து விழுந்தான்.

மருமகள் இருவரையும் தூக்கிவிட்டுக் கேட்டாள்: "ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே படிவமா, தனித்தனியா?"

அவன் தயங்காமல் எழுதினான். 'காரணம்: சான்றிதழ்.'

கண்டக்டரம்மாவின் வீங்கிய மணிக்கட்டைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எலும்பு தப்பியது. ஆனால் பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த பெண் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கையைக் கட்டிக்கிட்டு அப்படியே எழுந்திருங்கம்மா."

மூன்று முறை முயன்றாள். முடியவில்லை. மகன் நிரப்பிய படிவங்களை நீட்டினான். அந்தப் பெண் பொறுமையாகப் புரட்டினாள்.

"எல்லாம் இருக்கு சார். கால்மிதி, படி, அடுப்படி. உங்க அம்மாவோட தொடை எங்கே?"

"அது எங்க படிவத்துல இல்லை மேடம்."

"முப்பத்தொரு வருஷம் பஸ்ல நின்ன தொடை இது" என்றாள் கண்டக்டரம்மா.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் நிப்பீங்கம்மா?"

"எட்டு மணி நேரம்."

"இப்போ?"

கண்டக்டரம்மா தன் தொடையைத் தொட்டுப் பார்த்தாள். விடை தெரிந்துவிட்டது. டிரைவர் பிரேக்கை மிதித்தால் உடம்பு முன்னால் போகும். அந்தக் கணமே கணுக்கால் தரையை அழுத்தும், தொடை இறுகும், இடுப்பு பின்னுக்கு இழுக்கும். 'விழப் போகிறேன்' என்று அவள் நினைப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஒவ்வொரு வளைவும் ஒவ்வொரு பள்ளமும் ஒரு பயிற்சி. ஒரு நாளைக்கு ஆயிரம் முறை. பஸ்தான் அவளை நிற்கவைத்திருந்தது. வீடு ஆடவில்லை, அதனால் காலுக்கும் வேலை இல்லை. வேலை இல்லாத தசை இளைக்கும். நாற்பது நாள் பாதுகாப்பு மிச்சத்தையும் கரைத்துவிட்டது.

"அப்போ சக்கர நாற்காலிதானே மேடம் பாதுகாப்பு?" என்றான் மகன்.

"உட்கார்ந்தே இருந்தா விழ மாட்டாங்க சார், சரிதான். ஆனா அப்புறம் எழுந்திருக்கவும் மாட்டாங்க. பன்னிரண்டு வாரம் குடுங்க. நாற்காலியைப் பத்தி அப்புறம் பேசலாம்."

முதல் வாரம் நாற்காலியில் மெத்தை போட்டு உயர்த்தி, நான்கே முறை எழுந்தாள். மருமகள் பக்கத்தில் நின்று பழைய கண்டக்டர் விசிலை ஊதினாள். "ரைட், போலாம் அத்தை!" மகன் சுவரோரம் நின்று நகத்தைக் கடித்தான். ஆறாம் வாரம் மெத்தை போனது. பன்னிரண்டாம் வாரம் அவள் பின்னால் மருமகள் வர, மாடிப்படி ஏறித் தன் அறைக்குப் போனாள். மறுநாள் சக்கர நாற்காலி, உறை பிரியாமலே கடைக்குத் திரும்பிப் போனது.

பலகையை மகனே அழித்தான். இப்போது அதில் இருப்பது இதுதான்: சுவரோடு ஒட்டிய நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு பத்து முறை எழுந்து உட்கார வேண்டும். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலிலும் பத்து எண்ணும்வரை நிற்க வேண்டும். மேடையோரமாக, ஒரு பாதத்தின் குதிகால் மறு பாதத்தின் விரலைத் தொடும்படி நடக்க வேண்டும். வாரம் மூன்று நாள். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். சுலபமானதும் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும்.